ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒரு சில்லறைத் தட்டு

ராஜேந்திரா,

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நீ படுத்திருக்கிறாய். மத்தியானம் மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளைக்கு அம்மா எதற்குக் கடிதம் எழுதினாள் என்று நாளைக்கு மணப்பாறை பஸ்ஸில் இதைப் பிரிக்கும்போது நினைப்பாய். நேரில் சொன்னால் நீ கேட்க மாட்டாய், அதனால்தான். "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாய். அப்படியே உன் அப்பாவின் பழக்கம். எனக்கும் முன்னைப் போலக் கத்திப் பேசத் தெம்பு இல்லை. எட்டாவதோடு நின்றவளின் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பி.காம். படித்த பிள்ளை சிரிக்காமல் படித்துவிடு.

நேற்று வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் "அம்மா, வேலை கிடைச்சிருச்சு" என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. நம் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை நீ. உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு நீ கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னாய். மணப்பாறையில் விதையும் உரமும் விற்கிற கடை, சந்தை நாளில் விவசாயிகள் கூட்டம் தாங்காது, கல்லாவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் தேவை என்றுதான் கூப்பிட்டார்கள், நீதான் வேண்டும் என்று அந்தக் கடை முதலாளியும் சொல்லிவிட்டாராம். ஆனால் எந்தத் தெரு, யார் மகன் என்று விசாரித்த பிறகு, "நீ முன்னாடி உக்கார வேண்டாம் தம்பி. பின்னாடி குடோன் பக்கத்துல ரூம் இருக்கு, அங்க இருந்து கணக்கைப் பாத்துக்க. எனக்கு ஒண்ணும் இல்ல, வர்றவங்க ஒரு மாதிரி இருப்பாங்க" என்றாராம். நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். "சம்பளம் அதேதான்மா. நான் படிச்சதும் கணக்குதானே, எங்க உக்காந்தா என்ன?" என்று கேட்டாய். நான் அடுப்பை ஊதப் போனேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. உன் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், கவனித்தாயா?

அந்த வார்த்தை இந்த வீட்டுக்குப் புதிது இல்லை, ராஜேந்திரா. "எனக்கு ஒண்ணும் இல்ல, வர்றவங்க ஒரு மாதிரி." பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை இதே மாதிரி நல்ல மனிதர் ஒருவர் உன் அப்பாவிடம் சொன்னார். நீ அப்போது சின்னப் பிள்ளை. துண்டு துண்டாக உனக்கு ஞாபகம் இருக்கலாம். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தார், பிறகு ஆபீசில் வேலை உயர்ந்தது, அவ்வளவுதான் உனக்குத் தெரியும். உயர்ந்தது என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். நடந்ததை ஒரு தடவை முழுக்கச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

ஜங்ஷனிலிருந்து பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம் வழியாகக் காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்களை அப்போது ஒரு தனியார் கம்பெனி ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் ஷெட் நம் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். ஷெட்டில் பஸ் கழுவுகிறவர்கள் எல்லாரும் நம் தெருக்காரர்கள். நம்மைத் தவிர வேறு யாரும் அந்த வேலைக்கு வர மாட்டார்கள், நம்மை அதைத் தவிர வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். வெற்றிலை எச்சில், குழந்தைகள் எடுத்த வாந்தி, மழைக்காலச் சேறு எல்லாவற்றையும் உன் அப்பா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கழுவிக்கொண்டிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். கண்டக்டர் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு, பேட்ஜும் வாங்கி வைத்திருந்தார். பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு பஸ் கழுவப் போவார். "ஏங்க, அது எதுக்கு, தண்ணி பட்டுத் துருப்பிடிக்கும்" என்று நான் கேலி செய்வேன். "பாக்குறவன் பாக்கட்டும்" என்பார்.

கண்டக்டர் வேலை காலி என்று தெரியும்போதெல்லாம் முதலாளியிடம் போய் நிற்பார். அந்த முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. தீபாவளிக்கு எல்லாருக்கும் வேட்டி கொடுப்பார், யாரையும் ஒரு வார்த்தை அதட்ட மாட்டார். "மாணிக்கம், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. ஆனா ஓடுறது ஸ்ரீரங்கம் லைன். மடி ஆசாரமா இருக்கிறவங்க ஏறுவாங்க. உன் கையால டிக்கெட் வாங்குவாங்களா, உன் கையில காசு குடுப்பாங்களா? நீயே சொல்லு" என்பார். உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிடுவார். அவரோடு லைசென்ஸ் வாங்கிய வேறு தெருப் பையன்கள் ஒவ்வொருவராகப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களுடைய பஸ்ஸை இவர் கழுவினார்.

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருந்த சந்தானத்துக்கு அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசாவிட்டால் ஊசியில் நூல் கோக்க வராது. அந்தக் கம்பெனியிலேயே டிரைவராக இருந்த காதர் பாய் சங்கத்து ஆள். இவர்கள் இரண்டு பேரும் உன் அப்பாவும் சேர்ந்ததுதான் கமிட்டி. முதலில் மனுக் கொடுத்தார்கள், ஷெட் வாசலில் நின்று பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நம் தெரு மொத்தமும் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவானது. நான் உறையூரில் மூக்குத்திக் கல் பட்டை தீட்டுகிற பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன்னையும் இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தே போய் வந்தேன். "பஸ்ல போலாம்மா" என்று நீ ரோட்டிலேயே உட்கார்ந்து அழுவாய், முதுகில் இரண்டு வைத்துத் தூக்கிக்கொண்டு போவேன். கடைசியில் காதர் பாய்தான் சொன்னார்: "நீங்க ஏறாட்டி கம்பெனிக்கு ஒண்ணும் நட்டமில்லம்மா. கழுவாம விட்டுப் பாருங்க."

கழுவாமல் விட்டார்கள். ஒருவர் விடாமல் எல்லாரும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஷெட் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாற ஆரம்பித்தது. கதர்ச் சட்டைக்காரர்கள் எச்சில் கறையில் உட்கார்ந்துவிட்டுக் கண்டக்டரோடு சண்டை போட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு இறங்கி நடந்தே போனாராம். கம்பெனி வெளியிலிருந்து ஆள் தேடியது, யாரும் வரவில்லை. நாங்களும் சும்மா இருக்கவில்லை. தெருவில் அடுப்பெரிந்த வீடுகள் எரியாத வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றினோம். அந்தச் சமயத்தில்தான் முதலாளி கூப்பிட்டனுப்பினார். காதர் பாய் அன்று பஸ் ஓட்டப் போய்விட்டார், சந்தானமும் உன் அப்பாவும்தான் போனார்கள். முதலாளி பழைய பாட்டையே பாடினார். எனக்கு ஆட்சேபணை இல்லை, பிரயாணிகள் கையில் எப்படிக் கொடுப்பார்கள், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்றார்.

சந்தானம் வழி சொன்னார். "ஐயா, மாணிக்கம் கையில ஒரு தட்டு வச்சுக்கட்டும். கோயில்ல தட்டுல போடுற மாதிரி காசைப் போட்டுட்டு, டிக்கெட்டையும் பாக்கியையும் அதுலேருந்தே எடுத்துக்கட்டும். யாரும் யாரையும் தொட வேண்டியதில்ல." முதலாளி, "அட, இது நல்லா இருக்கே" என்று சிரித்தார். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். அதைக் கேட்டதும் நம் தெரு பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். சந்தானத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், உன் அப்பாவுக்குச் சாமந்தி மாலை போட்டார்கள், "மாணிக்கம் பூசாரி ஆயிட்டான்டோய்" என்று பையன்கள் கத்தினார்கள். நானும்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாத்திரக் கடைக்குப் போய் விளிம்பு வைத்த அலுமினியத் தட்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்தது நான்தான். காதர் பாய் சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பியதும் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னிடம் மட்டும், "இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தா தட்டு இல்லாமலே வந்திருக்கும் தங்கச்சி" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு வயிற்றெரிச்சல் பேச்சாகப் பட்டது. பாவம், அவர் நல்லதைத்தான் சொன்னார்.

உன் அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது மனிதர் ஒரு சாண் வளர்ந்தமாதிரி இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவார். சத்திரத்தில் எவ்வளவு கூட்டம், திருவானைக்காவலில் யார் சண்டை போட்டார்கள், எல்லாக் கதையும் வரும். எல்லாவற்றையும்விட அவருக்குப் பாலம்தான் பெரிது. "பாலம் ஏறுனதும் படியில நின்னேன்னு வையி, காத்து அப்படியே சட்டைக்குள்ள பூந்து முதுகு வழியா வெளிய போகும் பாரு. காவிரி கீழ ஓடுது, நான் மேல போறேன்" என்பார். தினமும் ஆற்றைத் தாண்டுகிறவர் தினமும் அதையே சொல்வார். "ஆமாம், உங்க அப்பன் வீட்டு ஆறு" என்பேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையில் உன்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் வரைக்கும் போய்த் திரும்புவார். படியில் அவர் கால்களுக்கு நடுவில் நீ நிற்பாய். தலை கலைந்து, கண்ணெல்லாம் தூசியாக வீடு வந்து சேர்வாய். அந்த வருஷங்களில் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒருநாள் பட்டறையிலிருந்து வரும்போது தெருவில் நீங்கள் பஸ் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நீதான் கண்டக்டர். அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தாய். மற்றப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு கூழாங்கல்லைக் காசாகப் போட்டார்கள். எல்லாம் நம் தெருப் பிள்ளைகள், நாள் முழுக்கக் கட்டிப் புரண்டு சண்டை போடுகிற பிள்ளைகள். ஆனால் அந்த விளையாட்டில் ஒவ்வொன்றும் கையை உயரத் தூக்கி, உன் விரல் பட்டுவிடாமல், மேலேயிருந்து டொக் டொக்கென்று கல்லைப் போட்டது. உன் விரல் பட்டுவிட்ட ஒரு பெண், "ஐயே, பட்டுருச்சு" என்று கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நீயும் "மன்னிச்சுக்கங்க" என்று தலையைக் குனிந்தாய். பஸ்ஸில் பார்த்ததைத்தானே செய்வாய். தட்டைப் பிடுங்கிக்கொண்டு உன்னை அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்டாய், நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கோபம் உன்மேல் இல்லையப்பா.

அன்று உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் கழுவிக்கொண்டார். "பழகிப்போச்சு புள்ள, எனக்கே தெரியல" என்றார். அதன் பிறகு பாலத்துக் காற்றைப் பற்றிப் பேசுவது குறைந்தது. வைகுண்ட ஏகாதசி வந்தது. அன்றைக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினவர்களுக்குத் தெரியும், ஈ நுழைய இடம் இருக்காது. தட்டை எடுக்கவே இடமில்லை. சொர்க்கவாசலுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் மடிக்காரர், மிராசுதாரர், மாமி, மாமா எல்லாரும் கூட்டத்துக்குள்ளேயிருந்து கையை நீட்டி அவர் கையில் காசைத் திணித்து, டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருத்தர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே பாலம் முழுக்க நின்று வந்தாராம். வீட்டுக்கு வந்து, "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல புள்ள. எல்லாரும் நல்லபடியா சேவிச்சிட்டுத் திரும்பி வந்தாங்க, நான்தான் திரும்பியும் டிக்கெட் குடுத்தேன்" என்று சிரித்தார். மறுநாள் காலையில் கூட்டம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில் நம் தெரு ஆறுமுகத்துக்கும் கண்டக்டர் வேலை கிடைத்தது, அவனுக்குப் பிறகு இன்னும் சில பையன்களுக்கும். உன் அப்பாவைப் பார்த்துப் பேட்ஜ் வாங்கினவர்கள். முதல் நாள் ஆபீசில் பை, விசில், டிக்கெட் கட்டு கொடுத்தார்கள். கூடவே ஒரு தட்டும் கொடுத்தார்கள். மற்றத் தெருப் பையன்களுக்குப் பையும் விசிலும் மட்டும். ஆறுமுகம் தட்டோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அண்ணே, இது என்னண்ணே? நான் கேக்கலயே" என்றான். உன் அப்பா முதலாளியிடம் போனார். முதலாளி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாராம். "நான் எங்கப்பா தட்டு கேட்டேன்? நீங்கதானே கொண்டாந்தீங்க. உங்க ஆளுங்களுக்கு அதுதான் சௌகரியம்னு நினைச்சேன்" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை, ராஜேந்திரா. வீட்டுக்கு வந்து உன் அப்பா இதைச் சொன்னார். எனக்கு அந்தத் தட்டை வாங்கிய பாத்திரக் கடையும், விளிம்பு இருக்கிறதா என்று நான் பார்த்துப் பார்த்து எடுத்ததும்தான் கண்ணில் நின்றது.

சந்தானத்திடம் சொன்னால் அவர் மெஷினை நிறுத்தாமலே, "கெடச்சதைக் கெடுத்துக்காதே மாணிக்கம். தட்டு கனமாவா இருக்கு?" என்றார். நாங்கள் பட்டினி கிடந்து வாங்கியதை விட்டுவிடுவோமோ என்று அவருக்குப் பயம். தெருவில் பாதிப் பேர் அவர் பக்கம். காதர் பாய் மட்டும், "நீ எறக்கி வையி, அப்புறம் பாப்போம்" என்றார். ஒரு வாரம் போனது. ஒருநாள் காலையில் உன் அப்பா கிளம்பும்போது வழக்கம் போலத் தட்டை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெறும் கையோடு போனார். நான் அந்தத் தட்டில் கோழிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அன்று பட்டறைக்குப் போகவில்லை.

நாம் யாரை நினைத்து அத்தனை வருஷம் பயந்தோமோ, அந்த ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்திதான் அன்று முதலில் ஏறியவள். "தட்டு எங்கேப்பா?" என்று கேட்டாளாம். இல்லை என்றதும், "போறது போ, அதுல போட்டா உருண்டு உருண்டு ஓடறது. கையைக் காட்டு" என்று கையிலேயே காசை வைத்தாளாம். ஆத்துக்குப் போய்த் தலை முழுகினாளோ என்னவோ, அது அவள் பாடு. புகார் எழுதிக் கொடுத்தது சத்திரத்தில் ஏறின இரண்டு ஜவுளி வியாபாரிகள். ஸ்ரீரங்கத்துக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதலாளியும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நாங்களே சொல்லிக்கொண்டு, நாங்களே ஒரு தட்டையும் வாங்கிக்கொண்டோம். அவர்கள் எல்லாரும் அந்த மாமி மாதிரி இருந்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் மறுக்கிறவன் வாயைத் திறந்து மறுக்கட்டும் என்று விட்டிருக்கலாம் இல்லையா?

உன் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் ஆறுமுகமும் மற்றப் பையன்களும் தட்டை ஷெட் வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். அவர்களையும் இறக்கிவிட்டார்கள். காதர் பாய் பஸ் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டார். வேறு சில டிரைவர்களும் வைத்தார்கள். கழுவுகிறவர்கள் மறுபடி துடைப்பத்தைப் போட்டார்கள். இந்தத் தடவை ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது. வேட்டி கட்டின பிரமுகர்கள் யாரும் வந்து பேசவில்லை, பேப்பரில் ஒரு வரி வரவில்லை. கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். தட்டு யாருக்கும் வேண்டாம், பையன்கள் எல்லாரும் வேலைக்கு வரலாம் என்றார். ஆனால் புகார் வந்துவிட்டதால் மாணிக்கம் மட்டும் பஸ்ஸில் வேண்டாம், ஆபீசுக்குள் உட்கார்ந்து டைம்கீப்பர் வேலை பார்க்கட்டும், அதே சம்பளம், பதவி உயர்வு என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார். காதர் பாய் ஒத்துக்கொள்ளாதே என்றார். உன் அப்பா பையன்களைப் பார்த்தாராம். ஆறுமுகத்துக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. "இவங்க தட்டு இல்லாம வெளிய நிக்கலாம்னா நான் உள்ளே போறேன் பாய்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து உள்ளேதான் இருக்கிறார். அந்த அறையை நீ பார்த்திருக்கிறாய், சாப்பாடு கொண்டுபோவாயே. தகரக் கூரை, டீசல் பீப்பாய்ப் பக்கம் ஒரு ஜன்னல். எந்தப் பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறார். கண்டக்டராக இருந்தபோது வாய் ஓயாமல் பேசிய மனிதர் இப்போது சட்டை முழுக்க வேர்வையோடு வருகிறார், கழற்றிப் போடுகிறார், படுத்துக்கொள்கிறார். ஸ்ரீரங்கத்துக்குக் கூப்பிட்டால்கூட வர மாட்டேன் என்கிறார். அந்தப் பாலத்தைப் பிரயாணியாகத் தாண்ட அவருக்கு மனது வரவில்லை என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

"அப்பாவே உள்ளேதானேம்மா உக்காந்திருக்கார், நான் உக்காந்தா என்ன?" என்று நீ கேட்கலாம். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் உள்ளே போனதற்கு ஆறுமுகமும் அவன் கூட்டாளிகளும் வெளியே நின்றார்கள். நீ உள்ளே போனால் யார் வெளியே நிற்பார்கள், சொல்? உனக்குப் பின்னால் நம் தெருவிலிருந்து ஒரு பையன் அந்தக் கடைக்கோ வேறு கடைக்கோ போவான். "ராஜேந்திரன் பி.காம். படிச்சவன், அவனே பின்னாடிதான் உக்காந்தான், உனக்கு என்ன?" என்பார்கள். அந்தப் பையன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று "அண்ணே, இது என்னண்ணே?" என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? அந்த முதலாளி நாளைக்கே மறந்துவிடுவார். "நான் எங்கப்பா சொன்னேன், அவன்தானே சரின்னான்" என்பார். அப்போது அவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். சந்தையில் விதை வாங்க வருகிறவனைப் பற்றி நீயாகப் பயந்துகொள்ளாதே. சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்து வருகிற விவசாயிக்கு விதை முளைக்குமா என்பதுதான் கவலையாக இருக்கும். அவன் உன் மேசைக்கு வர மாட்டேன் என்றால் அதை அவன் வாயாலேயே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

வேலையை வேண்டாம் என்று சொல் என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதுகிற நிலையில் இந்த வீடு இல்லை, உன் தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள், அதுவும் உனக்குத் தெரியும். கூப்பிட்ட வேலையைக் கொடுங்கள் என்று கேள், அவ்வளவுதான். மரியாதையாகக் கேள், உன் முன்கோபத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்க் கேள். கொடுக்க மாட்டேன் என்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேள். அதிலும் நடக்காவிட்டால் வீட்டுக்கு வா. நான் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டேன். கல் பட்டை தீட்ட என் கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. இதில் ஜெயித்தாலும் ஊர் மாறிவிடும் என்று உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனதில்லை. ஒன்றை வாங்கினால் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கும், நீயும் ஒருநாள் என்னைப் போல ஓய்ந்துதான் போவாய். ஓய்ந்து போ, பரவாயில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓய்ந்து போகாதே.

இதைப் படிக்கும் முன்னால், காலையில் பாலக்கரையில் நீ ஏறிய டவுன் பஸ்ஸில் அநேகமாக ஆறுமுகம்தான் இருந்திருப்பான். காசை அவன் கையில் கொடுத்திருப்பாய், டிக்கெட்டை அவன் கையிலிருந்து வாங்கியிருப்பாய். உனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரிந்திருக்காது. தெரியக்கூடாது என்றுதான் உன் அப்பா உள்ளே போனார். பெட்டியில் வலது பக்கம் முறுக்கு இருக்கிறது. மணப்பாறைக்கே முறுக்கா என்று சிரிக்காதே, அம்மா கை முறுக்கு அங்கே கிடைக்காது. குளித்துவிட்டுத் தலையை நன்றாகத் துவட்டு, உனக்குச் சளி பிடிக்கும்.

இதற்குள் உன் அப்பா ஷெட்டிலிருந்து வந்துவிட்டார். நீ எழுந்து கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு வரக் கிளம்பிப் போய்விட்டாய். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, எழுதியதை முதலிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்களும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன், எழுதிடுறேன்" என்று கேட்டேன். இத்தனை வருஷமாக அந்த அறையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"உள்ளே காத்து வராதுன்னு எழுது."